ஏகாம்பரம் கோர்த்த கார்டுகள்

போன மாதம் ஒரு நாள் மருமகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொண்டுபோய் வைத்தவன், சும்மா வந்திருக்கலாம். வாய் நிற்காமல், "என்னம்மா எழுதறே?" என்று கேட்டுவைத்தேன். நானும் இந்தத் தொழிலில்தான் தலை நரைத்தவன் என்பது அவளுக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். அன்றைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கம்பெனியில் பழைய கம்பைலரை, அதாவது நாம் எழுதுவதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றுகிற புரோகிராமை, எடுத்துவிட்டுப் புதிது போடுகிறார்களாம். ஆனால் அங்கே எல்லோருக்கும் பழைய கட்டளைகள்தான் விரலில் ஊறிக் கிடக்கின்றன. அவர்கள் பழக்கப்படி எதை அடித்தாலும் வாங்கிக்கொண்டு, புதியதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்து, அடுத்தடுத்த வேலைகளையும் வரிசையாக முடித்துக் கொடுக்க, முன்னால் ஒரு புரோகிராம் நிற்க வேண்டும். அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். "மாறினதே யாருக்கும் தெரியக் கூடாது மாமா. அவ்வளவுதான் என் வேலை" என்றாள்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அதே வேலையை நான் செய்திருக்கிறேன். அவள் பிறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், எழுபதுகளின் நடுவில். திரை கிடையாது. கட்டளையைத் தட்டுகிற பேச்சும் கிடையாது. எல்லாமே கார்டு. தபால் கார்டைவிடக் கொஞ்சம் நீளமான மஞ்சள் அட்டை. ஒரு கார்டுக்கு ஒரு வரி, ஒவ்வொரு எழுத்துக்கும் இன்னின்ன இடத்தில் ஓட்டை. புரோகிராம் என்றால் அப்படிப்பட்ட கார்டுகளை வரிசையாக அடுக்கிய ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். புது நோட்டும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த மாதிரி. இப்போதும் யாராவது தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டால் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

அந்த வாசனையில் பாதி எனக்கு அதற்கு முன்பே தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஏகாம்பரத்தின் வீடு. ஐந்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அப்புறம் நான் பள்ளிக்கூடத்திலேயே கிடந்தேன், அவன் அட்டை குத்தப் போய்விட்டான். பட்டுச் சேலைக் கரையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை போட்ட அட்டை வேண்டும். கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கிற பூவைப் பார்த்துப் பார்த்து ஏகாம்பரம் அட்டையில் ஓட்டை குத்துவான். குத்தி முடித்ததும் எல்லா அட்டைகளையும் வரிசை மாறாமல் இரண்டு ஓரத்திலும் கயிறு போட்டுக் கோர்த்துவிடுவான். நெசவு வீட்டுக்காரர்கள் மாலை மாதிரி தோளில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

இவன் அட்டைக்கும் என் கார்டுக்கும் ஒரே பூர்வீகம் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்து வியந்து போனேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் எங்கள் தெருவில் யாரும் சொல்லியிருப்பார்கள். நாங்கள்தான் வைத்துப் பார்க்கவில்லை.

நான் எப்படி இந்த வேலைக்குப் போனேன் என்பதைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு, மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் தற்காலிக வேலைக்குப் போனேன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கடிதம் கொடுத்து நீட்டிப்பார்கள், கொடுக்காமலும் போகலாம். அப்பா இல்லாத வீடு. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "கை நெறைய இருந்ததக் கொட்டிட்டு எங்கடா போறே?" என்றாள். எங்கே போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. குளிர்சாதன அறையில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது, அதனிடம் பேசலாம் என்கிற அளவுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு உடனே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போகக் கதவு கிடையாது.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மையத்துக்குப் புது இயந்திரம் வந்தது. புது இயந்திரத்தின் கம்பைலருக்குக் கட்டளைக் கார்டுகளே வேறு மாதிரி. பழைய இயந்திரத்துக்குப் பழகிய காலேஜ்காரர்களும் ஆபீஸ்காரர்களும் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். எங்கள் தலைவரை நாங்கள் சார் என்போம், அவருக்கு வேறு பெயர் இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "யூசர் ஒரு கார்டுகூட மாத்தக் கூடாது. பழைய பெட்டி அப்படியே வரணும், ஆன்ஸர் அப்படியே போகணும். நடுவுல நிக்கறதுக்கு ஒண்ணு எழுது" என்றார். இன்று அதற்குக் கம்பைலர் டிரைவர் என்று பெயர். அன்று எங்களுக்குப் பெயர் தெரியாது. 'நடுவுல நிக்கிறது' என்றே சொல்லிக்கொண்டோம்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் என் குழப்பம் ஆரம்பித்தது. பழைய இயந்திரம் எந்தெந்தக் கட்டளையை ஏற்றுக்கொள்ளும் என்று புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. சுலபம் என்று நினைத்தேன். பயன்படுத்துகிறவர்களின் பெட்டிகளை வாங்கிப் பார்த்தால், புத்தகத்தில் இல்லாததெல்லாம் இருக்கிறது. ஒரு ஆபீஸ் குமாஸ்தா, LIST என்று இருக்க வேண்டிய கார்டில் LAKSHMI என்று குத்தி வைத்திருந்தார். கேட்டால், "அது ஓடுது சார், நாலு வருஷமா ஓடுது" என்றார். பழைய கம்பைலர் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. இது தப்பா சரியா என்று சாரிடம் கேட்டேன். "நாலு வருஷம் ஓடினது எப்படிப்பா தப்பாகும்? நீயும் முதல் எழுத்தை மட்டும் பாரு" என்றார். அப்படியே எழுதினேன். அதற்கப்புறம் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற இரண்டு கட்டளைகள் கிடைத்தன. பழைய கம்பைலர் அவற்றை எப்படிப் பிரித்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மற்றவர்களின் பழக்கவழக்கங்களையும் கிறுக்குத்தனங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி முடிப்பதற்குள் முந்நூறு கார்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். பழைய பெட்டியைக் கொடுத்தால் என் புரோகிராம் கட்டளைக் கார்டைப் படித்தது, மாற்றியது, கம்பைலரைக் கூப்பிட்டது. கம்பைலரும் வேலையை முடித்தது. அடுத்து துண்டுகளையெல்லாம் இணைக்கிற வேலை, அதற்கடுத்து ஓட்டுகிற வேலை. அங்கேதான் நின்றுவிட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் பார்க்க வருகிறார்கள், அன்றோடு பழைய இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். என் ஆறு மாதக் கடிதமும் அந்த வாரம்தான் முடிகிறது. சார் என் தோளில் கை வைத்து, "திங்கட்கிழமை ஓடலைன்னா நீ காஞ்சிபுரத்துலேயே இருந்துக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்தேன். சனிக்கிழமை விடிந்ததும் கார்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தேன். தப்பு எங்கே என்று தெரியவில்லை. எத்தனை தரம் படித்தாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. அன்றைக்குப் பார்த்துத் தாமலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கருமாதி. போகாவிட்டால் அம்மா விடமாட்டாள். பரப்பியது பரப்பியபடி வைத்துவிட்டு, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பினேன். ஏரிக்கரையில் எதிர்க்காற்று. மிதித்துக்கொண்டே மனசுக்குள் கார்டுகளைப் புரட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது யாரோ துக்கம் தாங்காமல் என் கையைப் பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். எதற்கு என்பது எனக்குத்தான் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தால், கூடத்து உத்தரத்திலிருந்து என் புரோகிராம் தொங்குகிறது.

கார்டுகளின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை. ஓட்டையில் முறுக்குக் கயிறு. ஒன்றோடொன்று கோர்த்து, மடித்து மடித்து ஆணியில் மாட்டியிருக்கிறது. கீழே ஏகாம்பரம் உட்கார்ந்து மிச்சக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய உளி, மரச் சுத்தி. "வந்துட்டியாபா? காத்து அடிச்சிக்கினே இருக்குது. ஒங்கம்மா அட்ட பறக்குதுன்னு பயந்துக்கினு இருந்தாங்க. ஒன்னு மாறாம கோத்துட்டேன், பாரு" என்றான். வேலை முடிந்த திருப்தி அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

நான் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். கார்டின் இடது ஓரத்தில்தான் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் இருக்கிறது. அந்த இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை. வலது ஓரத்தில் ஒன்றும் இல்லைதான், ஆனால் இப்படி ஓட்டையும் கயிறு அறுத்த கீறலுமாக இருந்தால் இயந்திரம் வாயிலேயே போட்டுக்கொள்ளாது. ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டான். கோபப்படவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கோக்காம எப்பிடிபா? ஒரு அட்ட எடம் மாறுனா பூரா டிசைனும் பூடுமே. ஒங்க ஆபீஸ்ல கோக்கவே மாட்டாங்களா?" என்றான்.

கார்டு கீழே விழுந்து வரிசை கலைந்து, ஒரு வாரம் உட்கார்ந்து அடுக்கிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வரிசை எண் குத்தி வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார்கள். சோம்பேறித்தனத்தில் குத்தாமல் விட்டவன் நான். அவன் செய்தது அவன் தொழிலில் நூற்றுக்கு நூறு சரி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஏகாம்பரமும் எதிரே உட்கார்ந்தான். "நான் குத்தித் தரேன்பா. அட்டதான? எந்த ஊரு அட்டயா இருந்தா இன்னா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் மெட்ராஸ் போனோம். மையத்து வாட்ச்மேனிடம், "கார்டு தூக்கிக்கிட்டு வந்தவர்" என்று அவனைக் காட்டினேன். வெளி ஆட்களை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். கார்டு குத்துகிற மிஷின்கள் இருக்கும் அறை பூட்டியிருந்தது. அலமாரியில் கையால் குத்துகிற சின்னக் கருவி ஒன்று மட்டும் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பொத்தான், ஒரு பொத்தானுக்கு ஒரு ஓட்டை. அவசரத்துக்கு ஒன்றிரண்டு கார்டு திருத்துவதற்காக வைத்திருந்தது. முந்நூறு கார்டை அதில் குத்த முடியும் என்று யாரும் நினைத்ததில்லை.

ஏகாம்பரம் அதைக் கையில் வாங்கி இரண்டு தரம் அழுத்திப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன்தான். பழைய கார்டை இடது பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் புதியதில் குத்தினான். பாழாய்ப்போன முதல் எழுத்துகளை மட்டும் நான் புரோகிராமை முதலில் எழுதிவைத்த தாள்களைப் பார்த்துப் பென்சிலில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. "இது ஏ, இது பி" என்று நான் ஆரம்பித்ததும், "அதெல்லாம் வாணாம்பா. ஓட்ட எங்க இருக்குதுன்னு பாத்தா போதும்" என்று சொல்லிவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் குத்திப் பார்த்தேன். மூன்று கார்டில் இரண்டு தப்பு. அவன் என் கார்டுகளை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "நீ டீ வாங்கிக்கினு வா" என்றான்.

டீ வாங்கி வந்து வைத்தபோது அவன் கை நின்றிருந்தது. இரண்டு கார்டுகளைச் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டிருந்தான். "இது ரெண்டும் ஒண்ணுபா. வேணும்னே போட்டியா?" என்றான். வாங்கிப் பார்த்தேன். 'அடுத்த வேலைக்குப் போ' என்கிற வரி. ஒரே வரி, அடுத்தடுத்து இரண்டு கார்டு. முனை மடங்கிய கார்டுக்குப் பதிலாகப் புதிது குத்தியபோது பழையதை எடுக்க மறந்திருக்கிறேன். கம்பைலர் முடிந்ததும் என் புரோகிராம் ஒரு படி போகாமல் இரண்டு படி தாவியிருக்கிறது. இணைக்கிற வேலையை விட்டுவிட்டு நேரே ஓட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறது. அங்கே ஓட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அத்தனை தரம் படித்தும் எனக்குப் படாதது இவனுக்கு எப்படிப் பட்டது என்று கேட்டேன். "நீ படிக்கிறபா. நான் பாக்குறேன்" என்றான். "தறியில இப்பிடி ஒரே அட்ட ரெண்டு வந்தா மயிலுக்குக் கழுத்து நீண்டுரும்."

மாலைக்குள் முடித்துவிட்டான். கிளம்பும்போது இயந்திர அறையின் கண்ணாடிக் கதவில் கையை வைத்து, "ஜில்லுனு இருக்குதுபா" என்றான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவேயில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்: "இந்த வேலைக்கு என்னிய மாதிரி ஆள எடுப்பாங்களாபா?"

"நாளைக்குச் சார்கிட்ட கேக்கறேன்" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன். கேட்டால் கிடைக்கும் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை எல்லோரும் வந்து நின்றார்கள். ஆறேழு பழைய பெட்டிகளைக் கொடுத்தார்கள். ஒரு கார்டுகூட மாற்றவில்லை. எல்லாம் ஓடியது. லக்ஷ்மி கார்டும் ஓடியது. அந்தக் குமாஸ்தா தன் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "புது மிஷின் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். சார் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. என் கார்டுகளில் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "பஞ்சிங் ரொம்ப நீட்டா இருக்கே. கையால குத்தினதா? யார் பண்ணது?"

"நான்தான் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். வெளி ஆளை உள்ளே விட்டது தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தது. முந்நூறு கார்டில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டிய கதையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற வெட்கம் இருந்தது. என் கடிதம் இன்னும் சாரின் மேஜையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. இதெல்லாம் காரணமா, அல்லது அந்த நிமிஷத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது பிடித்திருந்ததா? எனக்கே பிடிபடவில்லை. சார், "இந்த மாதிரி கை உள்ள ஆள் ஒருத்தன் கெடைச்சா இன்னைக்கே எடுத்துக்குவேன். உன்னைக் கொண்டுபோய் பஞ்சிங்ல உக்கார வைக்க முடியாதே" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கடிதம் அன்று மாலையே கையெழுத்தானது, அடுத்த வருஷம் நிரந்தரமும் ஆனது.

அந்தச் சனிக்கிழமை ஏகாம்பரம் வருவதற்கு முன் நானே அவன் வீட்டுக்குப் போனேன். "கேட்டேன் ஏகா. இங்கிலீஷ் தெரியணுமாம்" என்றேன். அவன் குத்திக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தான். அப்புறம், "செரிதான்பா, இங்கிலீஷ் மிஷினு. அது இன்னா பண்ணும்?" என்று எனக்குத்தான் சமாதானம் சொன்னான். அவன் மனைவியைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னான். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. காரணம் கேட்டவர்களிடம் எல்லாம் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். "அவன் எனக்காவ மெட்ராஸ்ல போயி கேட்டான். இங்கிலீஷ் இல்லாததால பூட்சி. அவளுக்கு அப்பிடி ஆவக் கூடாது" என்று. பலர் என்னிடமே வந்து இதைச் சொல்லியிருக்கிறார்கள், நல்ல காரியம் செய்தீர்கள் என்று.

ஒரு வருஷம் கருட சேவைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். மகள் அப்போது காலேஜ் முடித்து வேலைக்குப் போயிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு கோவில் மதிலோரம் இரண்டு பேரும் நின்றிருந்தோம். "ஏகா, அன்னைக்கு மெட்ராஸ்ல நான் சார்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்த இன்னும் நெனச்சிக்கினு இருக்கியாபா? வுடு. கெடைக்கல, அவ்ளோதான். நீ கேட்டியே, அது போதும். எனக்காவ போயி கேக்கறதுக்கு வேற யாரு இருந்தாங்க?"

ஆரம்பித்ததை அங்கேயே விட்டுவிட்டு, அவனோடு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

கார்டு போய்விட்டது. கார்டு படிக்கிற இயந்திரத்தை எடைக்குப் போட்ட அன்று நான் அங்கே இல்லை. மையம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டு ஏதோ கட்டியிருக்கிறார்கள், போன தடவை அந்தப் பக்கம் போனபோது எந்த இடம் என்றே அடையாளம் தெரியவில்லை. நான் எழுதிய புரோகிராம் ஏழெட்டு வருஷம் ஓடியதாகச் சொன்னார்கள், எந்த நாளில் நின்றது என்று சொல்ல யாரும் இல்லை. சார் எப்போதோ போய்விட்டார். ஏகாம்பரம் போயும் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார்டுகளைக் குத்தியது யார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் மிச்சமிருப்பவன், "நான்தான் சார்" என்று சொன்னவன்.